திறந்தபடி

எட்மண்டனில், மருத்துவமனையின் அடித்தளத்தில்
எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று என்பதை
உள்ளே வருகிறவர்களின் இமைமுடி சொல்லும்.
பதினொரு வருடமாக இங்கே
மற்றவர்களின் இரத்தம் கழுவுகிறேன்.

கத்தரி, கவ்வி, எலும்பு பிளக்கும் உளி,
குழந்தைகளின் இதயத்துக்கென்றே
நெல்மணி அளவு வாயுள்ள ஓர் இடுக்கி.
முதலில் சோப்பு, பிறகு தூரிகை,
பிறகு பூதக்கண்ணாடி.
அதற்கும் பிறகுதான் நீராவி.
சுவரில் ஒட்டியிருக்கும் முதல் விதி:
எதையும் மூடியபடி உள்ளே அனுப்பாதே.
பூட்டிக்கொண்ட கவ்வியின் மூட்டுக்குள்
நூற்று முப்பத்துநான்கு பாகையும் நுழையாது.
பளபளக்கும்.
சுத்தம் வேறு.

அந்த வியாழன் இரவு
நாற்பத்தேழாம் தட்டை அடுக்கியது நான்.
மகன் அழைத்தான், காரின் பேட்டரி உறைந்துவிட்டதாம்,
பாலத்தருகே நிற்கிறானாம்.
சரிபார்த்தவர் என்ற கட்டத்தில்
செலாம் தன் பெயரெழுத்தை இட்டாள்.
"நீ போ எமெல்டா, நான் பார்த்துக்கொள்கிறேன்."
எரித்ரியாக்காரி. சிரித்தால்
முன்பல்லில் ஓர் இடைவெளி தெரியும்.

காலையில் தட்டு திரும்பி வந்தது.
ஒரு கவ்வி மூடியிருந்தது,
மூட்டில் கடுகளவு பழுப்பு.
கத்தி வைக்குமுன் தாதி கண்டுவிட்டாள்.
ஆண்டவருக்குத் தோத்திரம் என்றேன்,
எல்லோருக்கும் கேட்கும்படி.
செலாமுக்கு இரண்டு கிழமை வேலை இல்லை என்றார்கள்.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு. மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை,
போலந்துக்காரரின் கோயிலில், அவர்கள் போன பிறகு.
நடுவழியெல்லாம் சப்பாத்துகள் கொண்டுவந்த பனிச்சேறு.
நற்கருணை வரிசையில் நின்றபடி
கையை மணந்து பார்த்தேன். சோப்பு வாசம்.
இவ்வளவு கழுவிய கை
அந்தக் கோயிலில் இன்னொருவருக்கு இருந்திராது.
எனக்கு முன்னால் நான்கு பேர்.
மூன்று பேர்.
சுவாமியார் அப்பத்தை உயர்த்தியபோது
என் கைகள் தாமாகவே குறுக்காகி
நெஞ்சின்மேல் விழுந்தன,
உட்கொள்ளாதவர்கள் ஆசீர் மட்டும் கேட்பதுபோல.
அவருடைய புருவம் சற்றே உயர்ந்தது.
பின்னால் மரியநாயகம் அக்காவின் புருவமும்
உயர்ந்திருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கலாம்.
அங்கே இருட்டு, ஒரு திரை, ஒரு காது.
செலாமின் வீட்டு வாடகை அங்கே இல்லை.

திங்கள், கோவல்சுக் அம்மாவின் அறை.
மேசையில் பாதி உரித்த ஆரஞ்சு.
"அந்தத் தட்டு என்னுடையது."
இவ்வளவுதான். நான்கு நாள்
தொண்டையில் கிடந்தது இவ்வளவுதான்.
அவர் ஆரஞ்சைத் தள்ளிவைத்துவிட்டு
ஒரு படிவம் எடுத்தார். என் பெயரின்
எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

மாலையில் செலாமின் கதவு.
சங்கிலி போட்டபடி திறந்தாள்.
உள்ளே காப்பிக்கொட்டை வறுபடும் மணம்,
ஒரு பிள்ளையின் இருமல்.
எல்லாம் சொன்னேன், சொல்லும்போது
ஏனோ பாலத்தையும் பேட்டரியையும் விட்டுவிட்டேன்.
"தெரியும்," என்றாள். "அன்றே தெரியும்."
சங்கிலியைக் கழற்றவில்லை.
கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான்.

திரும்பும் பேருந்தில்
ஒளி ஏதும் தெரியவில்லை எனக்கு.
குரல் எதுவும் கேட்கவில்லை.
நெஞ்சுக்குள் எங்கோ ஒரு மூட்டு
விரிந்து நின்று சுட்டது,
மூடிக்கொள்ள மாட்டேன் என்று.
கண்ணாடி முழுக்கப் பனிப்பூ.
பக்கத்து இருக்கை காலி.
பையை அதில் வைக்காமல்
மடியிலேயே வைத்துக்கொண்டேன்.